கொடியும் பொறியும்: அச்சுவேலிச் சிறு முயற்சியாளரின் சமூக ஊடக விளம்பரமொழி பற்றிய ஒரு நோக்கு

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வாழ்வு இருவகை அடையாளங்களால் உணர்த்தப்படுகின்றது. ஒன்று கொடி. கோயில் வாயிலிலும், வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் இருக்கையிலும், துறையில் நிற்கும் கலங்களிலும், கள் விற்கும் மனைகளிலும் கொடிகள் ஆடுகின்றன. மற்றையது பொறி. சுங்கங் கொள்வோர் பண்டப் பொதிகளின்மீது சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே விடுகின்றனர். கொடி தொலைவில் நிற்பவனை அழைப்பது. பொறி பொதியோடு சேர்ந்து பயணஞ் செய்வது. புலிப்பொறி வரி வாங்குதற் பொருட்டு இடப்பட்டதேயன்றிப் பண்டத்தின் தரத்துக்குச் சான்றாக இடப்பட்டதன்று என ஒருவர் மறுத்துரைக்கலாம். உண்மையே. ஆயினும் பொறியிட்ட மூடை கணக்கில் ஏறிய மூடை. அதுபற்றி வினாவுதற்கு ஓரிடமும் விடைகூறுதற்கு ஓர் ஆளும் உண்டு. கொடிக்கு அத்தகைய கடப்பாடு எதுவுமில்லை.

வணிகப் பெயர் ஒன்று நிலைபெறுவதற்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதும், இன்று யாழ்ப்பாணத்துச் சிறு முயற்சியாளர் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் வட்ஸ்அப்பிலும் எழுதி வெளியிடும் விளம்பரங்களிலே கொடி மிகுந்து பொறி அருகிவிட்டது என்பதும் இக்கட்டுரையில் நாம் கூற முற்படுவன. விளம்பரத்தை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருதல் தகுமோ என்ற ஐயம் எழலாம். ஒரு சமுதாயம் நாள்தோறும் எழுதியும் படித்தும் வரும் உரைநடை எதுவாயினும் அது தமிழாராய்ச்சிக்கு உரியதே. அன்றியும், இவ்வுரைநடையிலே ஒரு குடும்பத்தின் அடுப்பெரிவதும் எரியாததும் தங்கியிருக்கின்றது. பல கவிதைத் தொகுதிகளைப் பற்றி அவ்வாறு கூறமுடியாது. தனிப்பட்ட எவரையும் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆதலால் எந்தப் பக்கத்தின் பெயரையும் சுட்டாது, பலரும் பொதுவாகக் கையாளும் வாய்ப்பாடுகளையே எடுத்துக்கொள்கின்றோம்.

ஆராய்ச்சிக்களமாக அச்சுவேலியை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. வலிகாமம் கிழக்கிலே, கோப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் இவ்வூர் செம்மண் தோட்டமும் சந்தையும் சேர்ந்து வளர்த்த ஊர். புகையிலை, மரக்கறி, வெங்காயம் ஆகியவை நெடுங்காலம் இதன் பொருளியலுக்கு ஆதாரமாயிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ச. தம்பிமுத்துப்பிள்ளை இங்கே ஞானப்பிரகாச யந்திரசாலையை நடத்தினார். தலைநகரிலோ யாழ்ப்பாணப் பட்டினத்திலோ அன்றி ஒரு கிராமத்திலே அச்சுக்கூடம் இயங்கியமை கவனத்திற்குரியது. அக்காலத்து நூலொன்றின் முகப்புப் பக்கத்தை நோக்குக: இயற்றியவர் இன்னார், பதிப்பித்தவர் இன்னார், அச்சிட்ட இடம் இது, ஆண்டு இது என அனைத்தும் அங்கே உள. அச்சுவேலி என்ற ஊர்ப்பெயர் ஒரு பண்டத்தின்மேற் பொறியாக ஏறிய விதம் அது. பிற்காலத்தில் இவ்வூரில் அமைந்த கைத்தொழிற்பேட்டை போரினால் அழிவுற்றுப் பல்லாண்டு மூடிக்கிடந்தது; இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014ஆம் ஆண்டிலே மீளத் திறக்கப்பட்டது. எனினும் இன்று இவ்வூரிலும் அயலிலும் உற்பத்தி செய்வோர் யாவரும் பேட்டைக்குள் இருப்பவரல்லர். வீட்டின் பின்கோடியில் செத்தல் வறுப்பவரும், பயிற்றம் பணியாரம் சுடுவோரும், மோர்மிளகாய் காயவிடுவோரும், ஓலையிற் பெட்டி பின்னுவோரும் பலர். அவர்களிற் பெரும்பாலார் பெண்கள். போருக்குப் பின் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்குவோரும் அவருள் உளர். அவர்களுக்குக் கடைத்தெரு இல்லை. கையிலுள்ள தொலைபேசியே கடை.

முன்னாளில் இத்தகையோர் எவ்வாறு விற்றனர்? வாடிக்கையால் விற்றனர் என்பதே விடை. வாடிக்கை என்ற சொல் வழக்கம் என்னும் பொருளது. வாடிக்கையாளர் வழக்கமாக வருபவர். சந்தையிலே இன்னார் கொண்டுவரும் பனங்கட்டி, இன்னார் வீட்டு நல்லெண்ணெய் என ஆளின் பெயராலேயே பண்டம் வழங்கிற்று. பனங்கட்டிக் குட்டானைக் கவனித்தால் இது தெளிவாகும். ஓலையாற் பின்னிய அச்சிறு கூடே பொதியும் சின்னமும் ஆகும். அதிலே எழுத்தில்லை. பின்னலைப் பார்த்தே வாங்குபவர் செய்தவரை ஓரளவு மட்டிட்டுக்கொள்வார். பெருவணிகர் மட்டுமே அச்சு விளம்பரத்தை நாடினர். 1930 தொடக்கம் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியிலும், 1959இல் தொடங்கிய ஈழநாட்டிலும் இடம்பெற்ற உள்ளூர் வணிக விளம்பரங்கள் பெரும்பாலும் கடையின் பெயர், உரிமையாளர் பெயர், தெரு, பண்டப் பட்டியல் என்ற அளவில் அமைந்தன. அழகுணர்ச்சி குன்றிய எழுத்து என அவற்றை ஒதுக்குவோர் உளர். எமக்கோ அவ்வறட்சியே அவற்றின் நேர்மையாகத் தோன்றுகின்றது.

ஊர்ப்பெயர் ஒன்று ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சந்தையிலே உலாவத் தொடங்கும்போது அதற்கு நேரக்கூடிய இருவேறு கதிகளை இவ்விடத்து விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் சமூக ஊடகத்தில் நிகழ்வதும் அதுவே. வேகம் மட்டுமே வேறு.

முதலாவது, புகையிலையின் கதை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அவ்வேற்றுமதிக்கென இங்கே பக்குவஞ் செய்யப்பட்ட வகை ‘மலையாளப் புகையிலை’ எனப்பட்டது. அதனை விற்பதற்கென ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கமும் அப்பெயரையே தாங்கிற்று. செய்தவன் பண்டத்தை வாங்குபவனின் நாட்டால் அழைத்தான். வாங்கியவனோ அதனைச் செய்தவனின் நாட்டால் அழைத்தான். மலையாளத்திலே அது ‘ஜாப்பாணம்’ ஆயிற்று. யாழ்ப்பாணம் என்பதன் திரிபாகிய அச்சொல் காலப்போக்கில் ஓரிடத்தைச் சுட்டுவதை விடுத்து ஒரு காரத்தைச் சுட்டலாயிற்று. ஜாப்பாணம் என்று கேட்டு வாங்கி மென்றவர்களுள் அது ஓர் ஊரின் பெயர் என்று அறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? பெயர் வாழ்ந்தது, ஊர் அப்பெயரிலிருந்து உதிர்ந்துபோயிற்று. அச்சுவேலித் தோட்டக்காரன் உழைப்பிலே ஈட்டிய புகழ், அவன் பெயரோ அவன் ஊர்ப்பெயரோ ஒட்டாத நிலையிலே, பொதுச் சொத்தாகி, ஈற்றில் எவருக்கும் உரியதல்லாத சொல்லாகிவிட்டது.

இரண்டாவது, நெல்லிரசத்தின் கதை. அச்சுவேலிக்கு அயலதாகிய வசாவிளான் பகுதியிலே தோலகட்டி என்னும் இடத்தில் 1928ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். செபத்தையும் உழைப்பையும் இணைத்து வாழ்ந்த அத்துறவியர் தயாரித்த நெல்லிரசமும் திராட்சைரசமும் குடாநாடெங்கும் பெயர் பெற்றன. யாழ்ப்பாணத்திலே விருந்தினர்க்கு வார்க்கும் பானங்களுள் தோலகட்டி நெல்லிரசத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. 1990இல் அப்பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். நிலம் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கிடந்தது. ஆயினும் தோலகட்டி என்ற பெயர் போத்தலோடு வாழ்ந்தது. ஊருக்குச் செல்ல மக்களுக்கு இயலாதிருந்த காலத்திலும் ஊர்ப்பெயர் பட்டினத்துக் கன்னியர் மடத்து விற்பனை அறையிலே சொல்லிக் கேட்கப்பட்டது. தோலகட்டியின் பெயர் இவ்வாறு நிலைத்தமைக்கும் யாழ்ப்பாணத்தின் பெயர் ஜாப்பாணமாக உருமாறியமைக்கும் உள்ள வேறுபாட்டை விளம்பரத்தின் வலிமையாலே விளக்கமுடியாது. இரண்டுக்குமே பெருவிளம்பரம் இருந்ததில்லை. தோலகட்டியின் பின்னால் இன்னார் என்று சுட்டத்தக்க ஒரு சபை இருந்தது. பிழை நேரின் சென்று கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது. அதுவே பொறி.

இனிச் சமூக ஊடகத்து விளம்பரமொழியை நோக்குவோம். அதன் முதற் பண்பு ஊர்ப்பெயரை விழுங்குதல். அச்சுவேலியிலோ ஆவரங்காலிலோ நீர்வேலியிலோ செய்யப்பட்டது எதுவாயினும் அதன் பெயர் ‘யாழ்’ என்றே தொடங்குகின்றது. யாழ் சுவை, யாழ் மணம், யாழ் கைப்பக்குவம் என இச்சொற்சேர்க்கைகள் பெருகியுள்ளன. வெளிநாட்டில் வாழ்பவருக்கு அச்சுவேலி தெரியாது, யாழ்ப்பாணம் தெரியும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். இந்நியாயம் எமக்கு வலுவுடையதாகத் தோன்றவில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பழைய மாணவர் சங்கங்களையும் ஊர் ஒன்றியங்களையும் கட்டி எழுப்பியவர்கள் ஊர்ப்பெயரை மறந்தவர்களா? இருவர் அறிமுகமானால் முதல் வினா ‘எந்த ஊர்’ என்பதுதான். யாழ்ப்பாணம் என்ற விடை அவ்வினாவுக்கு விடையாகாது. ஆகவே பொதுப்பெயரை மேற்கொள்ளுதல் வாங்குபவரின் அறியாமையாலன்று. எழுதுபவர் பிற பக்கங்களைப் பார்த்து எழுதுவதால் நேர்ந்தது. எல்லாரும் ஒரே கொடியை ஏற்றினால் எந்தக் கொடியும் எவரையும் அழைக்காது.

இரண்டாவது பண்பு உறவுச் சொற்களை இரவல் பெறுதல். ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்னும் தொடர் குடாநாட்டுப் பக்கங்களிலும் காணப்படுகின்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எவரைப் பாட்டி என்று அழைத்தது? அம்மாவின் தாய் அம்மம்மா; அப்பாவின் தாய் அப்பாச்சி; ஆச்சி என்றலும் உண்டு. பாட்டி என்பது சென்னைத் தொலைக்காட்சி விளம்பரங்களின் வழியே வந்து குடியேறிய சொல். இதனைத் தூய்மைவாத நோக்கில் நாம் குறைகூறவில்லை. தமிழகத்திலே அச்சொல் உயிருள்ள உறவுச்சொல். ஆனால் இங்கே அது கைப்பக்குவத்துக்குச் சான்றாக முன்வைக்கப்படுகின்றது. சான்றாக நிற்க வேண்டிய கிழவியின் பெயரே இரவல் என்றால் பக்குவம் யாருடையது? பனங்கட்டியைக் ‘கருப்பட்டி’ என்று எழுதுவதும் இத்தகையதே. தேடுபொறியில் இந்திய வாசகர் எழுதும் சொல் அது என்பர். அந்த இந்திய வாசகருக்குத் தூத்துக்குடி அண்மையிலிருக்கின்றது. அவர் அச்சுவேலியிலிருந்து கருப்பட்டி வருவிக்கப்போவதில்லை. பனங்கட்டி என்ற சொல்லைத் தேடுபவரோ, ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்ச வழிதேடும் புலம்பெயர்ந்த ஒருவர். வரக்கூடியவரின் சொல்லை நீக்கி வராதவரின் சொல்லை வைத்தல் நல்ல வணிகமுமன்று.

இவ்விடத்திலே வடமாகாணத்தில் ஏற்பட்ட ‘அம்மாச்சி’ உணவகங்களை எண்ணிப்பார்த்தல் பொருத்தமுடையது. பெண்கள் உள்ளூர் உணவைச் சமைத்து நேரே விற்கும் இவ்வகை நிலையங்கள் நாட்டின் பிற பகுதிகளிலே ‘ஹெல போஜுன்’ என்று வழங்க, வடக்கிலே மாகாண நிருவாகம் அம்மாச்சி என்னும் பெயரைத் தேர்ந்தது. பெயர் பற்றி மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையே கருத்து வேறுபாடும் எழுந்தது. பெயர் ஒன்றுக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று அன்று சிலர் வினவினர். வேண்டும் என்றே நாம் கருதுகின்றோம். அப்பெயர் நிலைத்தது அதன் இனிமையால் மட்டுமன்று. சமைப்பவர் வாங்குபவரின் கண்முன் தோசை வார்க்கின்றார் என்பதாலும் ஆகும். அங்கே சொல்லுக்கும் செயலுக்குமிடையே மறைப்பில்லை.

மூன்றாவது பண்பு அளவிறந்த உறுதிமொழி. ‘நூறு வீதம் இயற்கையானது’, ‘எவ்விதக் கலப்படமும் அற்றது’, ‘பாரம்பரியம் மாறாதது’ என்பன ஒவ்வொரு பொதியின்மேலும் ஏறுகின்றன. மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்வோம். இலங்கை தனக்கு வேண்டிய செத்தல் மிளகாயிற் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தே இறக்குமதி செய்கின்றது. ஆகவே யாழ்ப்பாண மிளகாய்த்தூள் என்னும்போது ‘யாழ்ப்பாண’ என்ற அடை எதனைத் தழுவுகின்றது? விளைச்சலையா, வறுவலையா? பெரும்பாலும் வறுவலையே. செத்தலையும் மல்லியையும் வெவ்வேறாக வறுத்து, மிளகும் சீரகமும் பெருஞ்சீரகமும் வெந்தயமும் மஞ்சளும் கறிவேப்பிலையும் உரிய பதத்திற் சேர்த்து அரைக்கும் முறையே இத்தூளின் தனித்தன்மை. அது வெட்கப்படத்தக்கதன்று, பெருமைக்குரியது. ஆயின் பக்கங்கள் அதனை விரித்துரைப்பதில்லை. பாரம்பரியம் என்ற ஒரு சொல் வறுவலின் பதத்தையும், ஆலையின் பெயரையும், செத்தலின் மூலத்தையும் ஒருங்கே மூடிவிடுகின்றது. நாம் கண்ட குறைகளுள் இதுவே பெரிது. சொல்லத் தக்கது கையில் இருக்க, எவரும் சொல்லக்கூடியதைச் சொல்லுதல்.

விருப்பக்குறிகளும் பகிர்வுகளும் பொறியின் இடத்தை நிரப்புகின்றன எனச் சிலர் கருதுவர். ஆயிரம் பேர் விரும்பினர் என்பது ஆயிரம் பேர் வாங்கினர் என்பதாகாது. வாங்கியவர் மீண்டும் வாங்கினர் என்பதற்கோ அது சான்றே அன்று. கூடிய கூட்டத்தைக் காட்டிக் கூட்டம் சேர்த்தல் கொடியின் வேலை. வாங்கியவர் ஒருவர் பகிரங்கமாக எழுதும் முறைப்பாடு மட்டுமே பொறியின் தன்மையை அணுகுகின்றது. அதனை நீக்காது வைத்து, அதன்கீழ் மாற்றுப்பொதி அனுப்பிய திகதியை எழுதும் விற்பனையாளர், பத்து விளம்பரங்களால் ஈட்டமுடியாத நம்பிக்கையை ஈட்டுவார்.

கொடி நடப்பட்ட நிலம் பிறனுடையது என்பதும் சிந்தித்தற்குரியது. 2018 ஜனவரியிலே முகநூல் நிறுவனம் நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை அளித்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைப் பின்தள்ளும் வகையிலே தன் ஒழுங்கை மாற்றியது. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த வாசகரைச் சென்றடையப் பணஞ் செலுத்த வேண்டிய நிலை சிறு விற்பனையாளருக்கு ஏற்பட்டது. இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலிலும் சமூக ஊடகங்கள் நாட்கணக்கில் அரசினால் முடக்கப்பட்டன. 2022 ஏப்பிரலிலும் குறுகிய நேரம் முடக்கப்பட்டன. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி முகநூல், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இயங்காதொழிந்தன. குத்தகைத் தோட்டத்திலே தென்னை நடுபவனை நம்மூரவர் நகைப்பர். பெயரை முழுவதும் பக்கத்திலேயே நட்டுவிட்ட முயற்சியாளரின் நிலையும் அதனை ஒத்ததே.

இவ்வளவும் கூறியதனாற் சமூக ஊடகத்தை நாம் புறக்கணிக்கின்றோம் எனக் கொள்ளற்க. உண்மையில் அவ்வூடகத்தின் இயல்பே பொறிக்கு வாய்ப்பானது. எழுதுவோர் அதனை உணரவில்லை. ஒவ்வொரு பதிவின் தலையிலும் திகதியும் நேரமும் தாமாகவே விழுகின்றன. அவ்வமைப்பு விளம்பரப் பலகைக்கு உரியதன்று, நாளேட்டுக்கு உரியது. பனங்காய் ஆடி ஆவணியில் வரும். பனங்கிழங்கு மார்கழி, தை மாதங்களிற் கிண்டப்படும். ஒடியல் அதன்பின் காயும். மழை பெய்தால் வடகம் காயாது. இவற்றை உள்ளவாறே, உள்ள நாளிலே எழுதும் பக்கம் ஒன்றைக் கற்பனை செய்க. ‘இந்தக் கிழமை வெயில் இல்லை, மோர்மிளகாய் அடுத்த கிழமைதான்’ என்ற ஒரு வரி, ‘தரத்தில் சமரசம் இல்லை’ என்னும் தேய்ந்த வாக்கியத்தினும் பன்மடங்கு வலியது. முன்னையது பொய்யாகும் வாய்ப்பு உடையது. அயலவர் வானத்தைப் பார்த்துச் சரிபிழை கூறமுடியும். பொய்யாகக்கூடிய வாக்கியமே சான்றாகவும் கூடும். எவ்வாற்றானும் பொய்யாக்க முடியாத வாக்கியம் எதற்கும் சான்றாகாது.

இதனோடு பொதியின் சிட்டையை ஒப்புநோக்குதல் சுவையானது. உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் பொதியிட்ட உணவின் சிட்டையிலே உற்பத்தியாளரின் பெயர், முகவரி, சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றை வேண்டுகின்றன. ஒரே வீட்டிலே, ஒரே கையால் எழுதப்படும் இரு பனுவல்கள் இவை: சிட்டை சட்டத்துக்காக எழுதப்படுகின்றது, பதிவு ஆசைக்காக எழுதப்படுகின்றது. சிட்டையிலே சிறிய எழுத்தில் ‘அச்சுவேலி’ இருக்கின்றது. பதிவிலே பெரிய எழுத்தில் ‘யாழ்’ இருக்கின்றது. உரைநடை என்ற வகையிலே எதனைச் சிறந்ததென மதிப்பீர் என்று எம்மை வினவினால், சிட்டையையே சுட்டுவோம்.

எமது வாதத்துக்கு எதிராகக் கூறத்தக்க ஒன்று உண்டு. அதனை ஒளித்தல் நேர்மையாகாது. செய்பவரின் பெயரையும் ஊரையும் குறிச்சியையும் எழுதுக என்கின்றோம். யாழ்ப்பாணச் சமுதாயத்திலே அவை வெறும் முகவரியாக நின்றுவிடுவதில்லை. சாதியையும் கூடவே சொல்லிவிடுகின்றன. ‘எந்த ஊர்’ என்ற வினாவின் பின்னால் ‘எந்தப் பகுதி’ என்ற வினா நிற்பதை நம்மவர் அறிவர். யார் கைச் சமையலை யார் உண்பது என்பது நெடுங்காலம் இங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட விடயம். 1960களின் பிற்கூற்றிலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராட்டங்கள் நடைபெற்ற மண் இது. பனம்பொருள் உற்பத்தியில் ஈடுபட்டோர் இக்கொடுமையை நேரே அனுபவித்தவர். அவர்களுள் ஒருவருக்கு ‘யாழ் சுவை’ என்னும் முகமற்ற பெயர் மறைவிடமாக, ஏன், விடுதலையாகவுங்கூட அமைதல் கூடும். சந்தையிலே முகத்தைக் கண்டு விலகியவர், பக்கத்திலே முகங்காணாது வாங்குகின்றார். இந்நிலையில் பொறியை வற்புறுத்துதல் பழைய வாடிக்கை முறையின் கொடுமைகளையும் மீளக் கொணர்தலாகாதா?

இவ்வினாவுக்கு எளிய விடை எம்மிடம் இல்லை. ஆயினும் பொறி தனியாளின் பெயராகவே இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. தோலகட்டியிலே அது சபையின் பெயர். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களிலே அது சங்கத்தின் பெயர்; தனி ஒருவரின் பிறப்பை அன்றி, சங்கத்தின் கணக்கேட்டை அது சுட்டிற்று. பொறுப்பேற்பவர் ஒருவர் வேண்டும் என்பதே எமது வற்புறுத்தல். அவர் குலம் அறியத்தக்க ஒருவராக இருத்தல் வேண்டும் என்பதன்று. அவ்வாறு நோக்கும்போது, தனித்தனியே நூறு பக்கங்கள் தொடங்கி ஒருவரையொருவர் படியெடுப்பதினும், பத்து வீடுகள் கூடி ஒரு பெயரின்கீழ் எழுதுவது அச்சுவேலி போன்ற ஊருக்கு ஏற்றது எனத் தோன்றுகின்றது.

பிறவிடத்து அனுபவமும் இதனை ஒட்டியதே. தமிழகத்திலே மதுரை மல்லிகைக்கு 2013இலும், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தனிக் கடையின் வெற்றிகளல்ல இவை. பழனியிலே விண்ணப்பித்தது கோயில் தேவஸ்தானம். குறியீடு தனியாளுக்கு உரிய உடைமையாகாது. ஓரிடத்தில் ஒரு முறையிற் செய்வோர் அனைவர்க்கும் பொதுவாவது. மாவட்டப் பெயர்களல்லாது கோவில்பட்டி, மணப்பாறை என்ற சிற்றூர்ப் பெயர்கள் அங்கே ஏறியிருத்தலையும் நோக்குக. இலங்கையிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இத்தகைய குறியீடுகளுக்குப் பாதுகாப்பளித்தபோதும், அவற்றைப் பதிவு செய்வதற்கான ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியிலே இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திற் குறியீடு பெற்றது. கறுவாவுக்குப் பின்னால் ஓர் அரசும் ஏற்றுமதிச் சபையும் இருந்தன. பனங்கட்டிக் குட்டானுக்காகவோ யாழ்ப்பாணத்து வறுத்த தூளுக்காகவோ விண்ணப்பம் எழுத முற்படுபவர், செய்முறை இது, எல்லை இது, தொன்மைக்குச் சான்று இது என எழுத்திற் காட்ட வேண்டியிருக்கும். திகதியிட்ட நாளேடுகளாக எழுதப்பட்ட பக்கங்கள் அன்று சான்றாக உதவும். ‘பாரம்பரியம் மாறாத யாழ் சுவை’ எதற்கும் உதவாது.

அதற்குமுன் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றுண்டு. அச்சுவேலி என்ற பெயர் உரோமன் எழுத்திலே குறைந்தது மூன்று வகையாக எழுதப்படுகின்றது. நடுவிலுள்ள சகர இரட்டிப்பை ஒருவர் ‘ற்’ ஒலிக்குரிய எழுத்தோடு தொடங்குகின்றார். மற்றொருவர் ஒரே எழுத்திணையை இருமுறை எழுதுகின்றார். ஈற்று இகரத்துக்கு இருவரும் இருவேறு எழுத்தை இடுகின்றனர். பெயர்ப்பலகையில் ஒன்று, சிட்டையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று எனக் கிடக்கின்றன. ரொறன்ரோவில் இருந்து தேடுபவர் ஒன்றைக் கண்டால் மற்றையதைக் காணார். பிரதேச செயலகத்திலே வணிகப் பெயரைப் பதியச் செல்லும்போதே ஊரவர் ஓர் எழுத்தமைதியில் உடன்பட்டால், அச்சுவேலி என்ற பெயரைத் தேடி வருபவர் முன்னிலையில் அப்பெயரால் எழுதும் அனைவரும் ஒருசேர நிற்பர்.